உலையும் வார்ப்பும்: வாசகர் கேள்வி – பதில்

உலோகத்தை உருக்குவதையும் வார்ப்பதையும் அடித்து வடிப்பதையும் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்பும் வாசகர்கள் எழுதியவற்றுள், வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எண்ணூர், பெரம்பூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் ஏதேனும் ஒரு தொழிற்சாலையின் உலைக்கூடத்தில் தந்தையோ பாட்டனோ வேலை பார்த்த வீடுகள் ஏராளம். ஆகவே இந்த ஆர்வம் அங்கே புதிதன்று. ஆனால் அதே பகுதியில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கடற்காற்று எதையும் முழுதாகக் காயவிடுவதுமில்லை. கீழ்வரும் பதில்களில் வெப்பத்தைக் காட்டிலும் ஈரத்தையும் புகையையும் பற்றியே மிகுதியாகப் பேச நேர்ந்தது அதனால்தான்.

கேள்வி: மூன்று மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் சிறு உலை அமைத்து, குளிர்பானக் கேன்களை உருக்கி அலுமினிய உருவங்கள் வார்க்க எண்ணுகிறேன். சமையல் எரிவாயு போதுமா?
– வாசகர், வியாசர்பாடி

வெப்பத்துக்குப் போதும், பிரச்சினை வெப்பத்தில் இல்லை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, வார்ப்பதற்கு 700 முதல் 750 டிகிரி வரை சூடேறினால் போதுமானது. தீச்செங்கல் அடுக்கிய ஓர் இரும்பு டிரம்மும் நல்ல பர்னரும் இருந்தால் அந்த வெப்பத்தை எளிதில் எட்டிவிடலாம். ஆனால் 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கென்று மட்டுமே வழங்கப்படுவது. அதை உலைக்குப் பயன்படுத்துவது விதிமீறல் என்பதோடு, அதன் ரெகுலேட்டர் தரும் குறைந்த அழுத்தம் போதாமல் அதைக் கழற்றிவிட்டு வேறு இணைப்புகளைப் பொருத்தும் ஆபத்தான வேலையிலும் கொண்டுபோய் விடும். 19 கிலோ வணிகச் சிலிண்டரும் உயர் அழுத்த ரெகுலேட்டரும்தான் முறையானவை.

எனக்குப் பெரிய தடையாகப் படுவது மொட்டைமாடி. காங்கிரீட் தளம் கண்ணுக்குக் காய்ந்திருப்பதாகத் தெரிந்தாலும் அதன் நுண்துளைகளில் நீர் எப்போதும் தங்கியிருக்கும். உருகிய உலோகம் அதன்மீது சிந்தினால் அந்த நீர் நொடிப்பொழுதில் ஆவியாகும். ஆவியாகும்போது நீரின் கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகுவதால், தளத்தின் மேற்பரப்பு வெடித்துச் சில்லுகளோடு உலோகமும் மேலே தெறிக்கும். அத்துடன், தீப்பிடித்தால் இறங்கியோட ஒரே ஒரு குறுகிய படிக்கட்டுதான் இருக்கும் என்பதையும், அதே மாடியில் அடுத்த வீட்டார் துணி காயப்போடுவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தரைமட்டத்தில், மேலே கூரையும் பக்கங்களில் திறப்பும் உள்ள ஓர் இடத்தில், நன்கு காய்ந்த மணலை அரை அடிக்குப் பரப்பி, அதன்மீது உலையையும் அச்சையும் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லையென்றால், தெரிந்த பட்டறைக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கேட்டுப் பெறுவது, உங்கள் மாடியில் தொடங்குவதைவிட எவ்வளவோ மேல்.

கேன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை மெல்லியவை; எடைக்கு ஒப்பிடும்போது மேற்பரப்பு மிக அதிகம்; போதாததற்கு உள்ளும் புறமும் பூச்சு உண்டு. ஆகவே உருகும் முன்னரே கணிசமான பகுதி ஆக்சைடாகிக் கசடாகப் போய்விடும். எஞ்சுவதும் தகடாக இழுப்பதற்கென்று செய்யப்பட்ட கலவையே தவிர அச்சில் பாய்வதற்கென்று செய்யப்பட்டதன்று. பழைய பிஸ்டன், ஸ்கூட்டர் எஞ்சினின் உறை, சிலிண்டர் ஹெட் போன்றவை ஏற்கெனவே ஒருமுறை வார்க்கப்பட்டவை. அவற்றிலுள்ள சிலிக்கான்தான் உலோகத்தை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடவைக்கிறது. வார்ப்படச் சாலைகளில் எல்.எம்.6 என்று குறிப்பிடப்படும் கலவையில் அது 10 முதல் 13 சதவீதம் வரை இருக்கும். பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது, வழக்கத்துக்கு மாறாக எடை குறைந்த துண்டு கிடைத்தால் அதன் ஓரத்தை அரத்தால் தேய்த்து வினிகர் ஒரு துளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது மக்னீசியம். உலைக்குள் தீப்பற்றினால் தண்ணீரால் அணைக்க முடியாதது. அதை ஒதுக்கிவிடுங்கள்.

பால் பவுடர் டின்னில் உருக்கலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உருகிய அலுமினியம் இரும்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ளும். மெல்லிய டின்னின் அடி எந்த நேரமும் விட்டுவிடலாம். உலோகத்தை உருக்குவதற்கென்றே செய்த களிமண்–கிராஃபைட் கிண்ணமான மூசை ஒன்றை வாங்குங்கள். நம் ஊர்க் காற்றில் அதுவும் ஈரம் உறிஞ்சும் என்பதால், ஒவ்வொரு முறையும் முதலில் மெதுவாகச் சூடேற்றிக் காயவைத்த பிறகே முழுத் தீயில் வைக்க வேண்டும். மூசைக்குள் போடும் ஒவ்வொரு துண்டையும், கசடு வழிக்கும் கரண்டியையும், மிச்ச உலோகத்தை ஊற்றி வைக்கும் கட்டி அச்சையும்கூட உலை வாயருகே வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த அச்சு துருவுக்குள்ளேயே ஈரத்தை வைத்திருக்கும். விபத்து ஏதும் நேராவிட்டாலும் ஈரம் தன் வேலையைக் காட்டும்: உருகிய அலுமினியம் நீராவியிலிருந்து ஹைட்ரஜனை உள்வாங்கி, உறையும்போது வெளியேற்றுவதால், அறுத்துப் பார்த்தால் உள்ளே ஊசிமுனைத் துளைகள் நிறைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை காத்திருந்து தொடங்குவது இரு வகையிலும் நல்லது.

உடை: பருத்திச் சட்டை, தோல் கையுறை, முகக் கவசம். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கயிறு கட்டாத தோல் பூட்ஸ் அணிந்து, கால்சட்டையின் முனை பூட்ஸுக்கு வெளியே விழும்படி விடுங்கள். உள்ளே செருகினால் சிந்திய உலோகம் நேரே உள்ளே இறங்கும்.

கேள்வி: வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை என் தாத்தா வீட்டு அடுப்பிலேயே உருக்கி வார்ப்பார். அதே முறையில் என் பிள்ளைகளுக்குச் சிறு உருவங்கள் வார்க்கக் கற்றுத் தரலாமா?
– வாசகி, காசிமேடு

கூடாது. தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற எதிர்வாதம் உடனே வரும் என்பதால் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன். காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. அந்த வெப்பத்தில் அதிலிருந்து எழும் ஆவி மிகக் குறைவுதான். தீங்கு பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. மேலே படியும் சாம்பல் நிற ஏடு ஈய ஆக்சைடு. அதை வழித்துத் தட்டும்போது தூளாகித் தரையிலும் துணியிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு, பிறகு சோற்றோடு வயிற்றுக்குப் போகிறது. சிறு பிள்ளைகளின் உடல், விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். வளரும் மூளையைத் தாக்கும் இந்த நஞ்சுக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அது பெரும்பாலும் ரத்தசோகை, வயிற்றுவலி, படிப்பில் மந்தம் என்று வேறு நோய்களின் பெயரில் வெளிப்படுவதால், ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதித்துப் பார்க்காத வரையில், ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல யாராலும் இயலாது.

தொழிலுக்கு ஈயக்குண்டு தேவையென்றால் ஆயத்தமாக விற்பதை வாங்குவது நல்லது. வார்த்தே ஆக வேண்டுமென்றால் சமையலறைக்கு வெளியே, திறந்த இடத்தில், அதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில், பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இல்லாதபோது செய்து, உடையை மாற்றிக் கைகளைச் சோப்பால் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும். பழைய பேட்டரித் தகடுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் உருக்காதீர்கள். கந்தக அமிலம் ஊறிய அந்தப் பசையிலிருந்து எழும் புகையும் தூளும் ஒரு தெருவையே பாதிக்கக்கூடியவை.

பிள்ளைகளுக்கு, காரீயத்தினின்று வேறான உலோகமாகிய வெள்ளீயம் இருக்கிறது. அது 232 டிகிரியில் உருகும்; மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஈயமில்லாத சால்டர் கட்டியில், 99.3 சதவீதம் வெள்ளீயமும் 0.7 சதவீதம் செம்பும் கலந்த வகை 227 டிகிரியிலேயே உருகும். விலை காரீயத்தைவிடப் பல மடங்கு. ஆனால் மீண்டும் மீண்டும் உருக்கிக்கொள்ளலாம். அச்சுக்கு உங்கள் துறைமுகத்திலேயே அருமையான பொருள் கிடைக்கிறது. கணவாய் மீனின் ஓட்டை வெயிலில் நன்றாகக் காயவைத்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தி, மென்மையான உட்பக்கத்தில் ஒரு சிறு உருவை அழுத்தினாலோ ஆணியால் செதுக்கினாலோ அச்சு ஆயிற்று. ஊற்றுவதற்கு ஒரு வாயும் காற்றுப் போக இரண்டு கீற்றுகளும் வெட்டி, இரு பாதிகளையும் கம்பியால் கட்டி மணலில் நிறுத்த வேண்டும். நகைத் தொழிலாளர்கள் வெள்ளியையே வார்க்கப் பயன்படுத்திய முறை இது. ஓட்டின் அடுக்குகள் உலோகத்தின்மீது மரவரி போலப் பதிவது தனி அழகு. செதுக்குவது பிள்ளைகளின் வேலையாகவும் ஊற்றுவது உங்கள் வேலையாகவும் இருக்கட்டும்.

கேள்வி: பழைய பித்தளைக் குழாய்களை உருக்கியபோது வெண்மையான புகை அடர்ந்து எழுந்தது, இரவு முழுவதும் எனக்குக் குளிர்காய்ச்சல். பால் குடித்தால் சரியாகும் என்கிறார்களே?
– வாசகர், பெரம்பூர்

பித்தளையிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடுகிறது. பித்தளை உருகுவதோ ஏறத்தாழ 900 முதல் 940 டிகிரிக்குள். எனவே சற்றே கூடுதலாகச் சூடேறினாலும் துத்தநாகம் ஆவியாகிக் காற்றில் எரிந்து வெண்புகையாகிறது. அதைச் சுவாசித்த சில மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், வாயில் உலோகச் சுவை ஆகியவை வந்து, பொதுவாக ஓரிரு நாளில் தணியும். மூச்சுத்திணறல் இருந்தால் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். பாலும் வெல்லமும் வார்ப்படக் கூடங்களில் காலங்காலமாக நம்பப்படுபவை. குடிப்பதில் தவறில்லை, ஆனால் நுரையீரலுக்குள் போன புகையை வயிற்றுக்குள் போன பால் ஒன்றும் செய்யாது. உலோகத்தின்மேல் கரித்தூளைப் போர்வையாக இடுவதும், உருகியவுடன் தாமதிக்காமல் ஊற்றுவதும், காற்றை முதுகுப்பக்கம் வைத்து நிற்பதும் பயன் தரும். பழைய குழாய்களில் எளிதாகக் கடைவதற்கென்று காரீயமும் கலந்திருப்பதுண்டு என்பதால், அவற்றிலிருந்து உணவுப் பாத்திரம் எதையும் வார்க்காதீர்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை உலையில் வைத்தாலும் இதே புகைதான்.

கேள்வி: அச்சு மண்ணுக்குக் கடற்கரை மணலைப் பயன்படுத்தலாமா? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எப்படி?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கிளிஞ்சல் துகள்களோ பித்தளை, வெண்கலம் ஆகியவற்றின் வெப்பத்தில் சிதைந்து கரியமில வாயுவை வெளியிட்டு வார்ப்பில் குமிழிகளை உண்டாக்கும். மென்மையான ஆற்று மணலைச் சன்னச் சல்லடையில் சலித்து, நூறு பங்கில் எட்டு முதல் பத்துப் பங்கு பெண்டோனைட் களிமண்ணும் மூன்று நான்கு பங்கு நீரும் சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள். பெண்டோனைட் எங்கே கிடைக்கும் என்று திகைக்க வேண்டாம். மின் இணைப்புக்கு எர்த் குழி தோண்டும்போது போடும் தூள் அதுதான், பாரிமுனைப் பக்கத்து மின்பொருள் கடைகளில் மூட்டையாகக் கேட்டு வாங்கலாம். களிமண் நீரை உறிஞ்ச ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் கையில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். புட்டுக்கு விரவிய மாவைப் போல, பிடித்தால் பிடியாகவும், உடைத்தால் உதிராமல் சுத்தமாக இரண்டாகவும் வர வேண்டும். கையில் நீர் ஒட்டினால் ஈரம் மிகுதி. ஈரம் ஆகாது என்று மேலே அவ்வளவு சொல்லிவிட்டு இங்கே நீரைச் சேர்க்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். மணலின் இடைவெளிகள் வழியே ஆவி வெளியேற முடிகிற வரையில்தான் இந்தச் சிறிதளவு நீர் தீங்கற்றது. ஆகவே அச்சை இடித்து முடித்ததும் மெல்லிய கம்பியால் பல இடங்களில் குத்திக் காற்றுத் துளை விடுவதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உறைந்து கெட்டியான பிறகும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைத் தன்னுள் பிணைத்து வைத்திருக்கும். வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும் அது போகாது. அடுப்பில் மணிக்கணக்கில் சுட்டுத்தான் போக்க வேண்டும். தொடக்கத்தில் அதைத் தொடாதிருப்பதே நல்லது.

மாதிரியைச் செய்யும்போது சுருக்கத்துக்கு இடம் விடுங்கள். அலுமினியம் உறைந்து ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 13 மி.மீ. சுருங்கும். தடித்த பகுதி கடைசியில் உறையும் என்பதால் அதற்கு மேலே உலோகத் தேக்கம் ஒன்று வைக்காவிட்டால் அங்கே பள்ளம் விழும். மெழுகு மாதிரியில் ஆர்வம் வந்தால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குச் சென்று சிலைகளை நிதானமாகப் பாருங்கள். தேன்மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் வனைந்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை சுவாமிமலையில் இன்றும் தொழிலாக இருக்கிறது. அங்கே முதல் பூச்சுக்கு மிக நுண்ணிய வண்டலைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனம், நகை மடிப்பின் கோடுவரை உலோகத்தில் வந்து விழுவதற்கு அடிப்படை.

கேள்வி: லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடிக்க விரும்புகிறேன். பட்டறைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு போதுமா? எப்படிப் பதம் வைப்பது?
– வாசகர், திருவொற்றியூர்

துண்டு போதும்; அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. ரயில்வே சொத்தை முறையற்று வைத்திருப்பதே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதோடு வாங்குங்கள். இல்லையேல் தடித்த இரும்புக் கட்டை ஒன்றை நெட்டுக்குத்தாக மரத்தில் பதித்துக்கொண்டாலும் தொடக்கக்காரருக்கு அதுவே போதும்.

ஸ்பிரிங் பட்டையில் கரிமம் பொதுவாக 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். அதனால் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது நன்கு கெட்டிப்படும். கட்டுமானத்துக்கான டி.எம்.டி. கம்பியில் கரிமம் குறைவு, அடிக்கும் உழைப்பு வீண். அடுப்புக்கரியும் சிறு புளோயரும் கொண்டு உலை மூட்டி, நிழலில் வேலை செய்யுங்கள். நம் ஊர் உச்சி வெயிலில் ஆரஞ்சு நிறத்தில் காயும் இரும்புகூட மங்கிய சிவப்பாகத் தெரிவதால், அறியாமலேயே அளவுக்கு மீறிச் சூடேற்றிவிடுவோம். பொறி பறக்கத் தொடங்கினால் கரிமம் எரிகிறது, அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான்.

அடித்து வடித்த கத்தியைப் பதப்படுத்தும்போது காந்தம் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை விட்டுவிடும். பலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். கெட்டிப்படுவதற்கு அதற்கும் சற்று மேலே, 800ஐத் தாண்டிய வெப்பம் தேவை. கை பொறுக்கும் சூட்டிலிருக்கும் கடலை எண்ணெயில் செங்குத்தாக இறக்குங்கள். பழைய எஞ்சின் ஆயில் மலிவுதான், ஆனால் அதன் புகையில் கன உலோகங்களும் இருக்கும். எண்ணெய்ப் பாத்திரத்துக்கு இரும்பு மூடி அருகிலேயே இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடுவதற்கு அதுதான். தோய்த்த கத்தி கண்ணாடிக்கு நிகராக உடையக்கூடியது என்பதால், ஆறியதும் தாமதமின்றி அடுப்பில் 200 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வாட்டுங்கள். தேய்த்து மினுக்கிய பகுதியில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தால் காய்கறிக் கத்திக்குச் சரியான பதம். ஊதாவும் நீலமும் வந்துவிட்டால் கூர்மை நிற்காது.

ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமோ கொண்ட கத்தி, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ உரியதாக இல்லாவிட்டால், ஆயுதச் சட்ட விதிகளின் வரம்புக்குள் வரும். சமையலறைக் கத்தியிலேயே கற்க வேண்டியவை போதுமான அளவுக்கு உண்டு.

கேள்வி: கடற்கரையில் கறுப்பு மணல் காந்தத்தில் ஒட்டுகிறது. அதிலிருந்து இரும்பு எடுக்க முடியுமா?
– வாசகர், எண்ணூர்

கொள்கையளவில் முடியும், மணலிரும்பிலிருந்து எஃகு எடுக்கும் மரபு ஜப்பானில் இருக்கிறது. ஆனால் தமிழகக் கடற்கரைக் கறுப்பு மணலில், இரும்புத் தாதுவான மாக்னடைட்டோடு இல்மனைட், கார்னெட் என்ற வேறு கனிமங்களும் கலந்திருக்கும். இல்மனைட்டின் டைட்டானியம் கசடைக் கெட்டியாக்கி வடியவிடாமல் செய்யும். கடற்கரைக் கனிமங்களை அனுமதியின்றி அள்ளுவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

உலையைப் பற்றிச் சொல்வதென்றால், இந்தப் பழைய முறையில் இரும்பு உருகுவதே இல்லை. தூய இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். மண் உலையின் 1,200 டிகிரிச் சுற்றில், கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு தாதுவின் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, கசடு மட்டும் உருகி வழிய, இரும்பு கடற்பஞ்சு வடிவில் கட்டியாகத் திரளும். அதைச் சூட்டோடு அடித்து அடித்துத்தான் கசடைப் பிழிய வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டைச் சேர்ந்ததென்று கணிக்கப்பட்டிருக்கிறது. பின்னாளில் அத்தகைய இரும்பை ஆவாரங்கட்டையோடும் எருக்கிலையோடும் மூசையில் இட்டு மூடிச் சுட்டுத்தான் உலகம் தேடி வாங்கிய உருக்கு எஃகைச் செய்தார்கள்; 1819இல் மைக்கேல் ஃபாரடே அதன் இயல்பைப் பகுத்தாய்ந்து எழுதினார். ஒரு பிடி இரும்புக்குக் கிலோக்கணக்கில் கரியும், பல மணி நேரத் துருத்தி வேலையும், ஊருக்கு ஒதுக்கமான திடலும் வேண்டும். அந்தக் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, மூடிய இடத்தில் உயிரைக் கொல்வது. இரண்டாண்டுக் காலம் அலுமினியத்தோடு பழகிய பிறகு, சேலம் பக்கத்துத் தாதுவை முறையாக வாங்கிக் குழுவாக முயலுங்கள்.

கேள்வி: சில்லறை நாணயங்களை உருக்கி மோதிரம் செய்யலாமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

கூடாது. செல்லுபடியாகும் நாணயத்தை உருக்குவது 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: உலைக்கு அருகில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டுமல்லவா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

உலைக்கு அருகில் உலர்ந்த மணல் இருக்க வேண்டும். சிந்திய உலோகத்தின்மீது அதைத்தான் கொட்ட வேண்டும். தண்ணீர் மனிதருக்கு, உலோகத்துக்கு அன்று. உலை இருக்கும் இடத்திலிருந்து சில அடிகள் தள்ளி, திறந்தவுடன் ஓடக்கூடிய குழாய் ஒன்று இருக்கட்டும். சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பற்பசை, தோசை மாவு, இங்க் எதையும் பூசாதீர்கள்; ஐஸ்கட்டியும் வைக்க வேண்டாம். மோதிரம், வளையல் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய உலோகத்தையோ துணியையோ பிய்க்காமல், தூய துணியால் தளர மூடி, 108ஐ அழையுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. கண்ணில் பட்டிருந்தால், காயம் எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும், அன்றே கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.